நீ முதல்ல தின்னு

ஆனந்தமேரியைக் குண்டு என்று சொன்னால் அது பொய். ஒல்லி என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய். நாற்பத்தாறு வயது, எழுபது கிலோ, நைட்டியின் மேல் ஒரு துண்டு. நாகல் நகரில் அவள் தெருவில் மட்டும் அவளைப் போல ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். வெளியில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கென்றே வீட்டுக்குள் ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு?

"அப்படி என்னத்தத்தான் திங்கிற நீ?" என்று கேட்பார் புருஷன் ராயப்பராஜ். கேட்டுவிட்டு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். மோட்டார் காயில் கட்டும் கடை அவருக்கு. குஜிலியம்பாறைப் பக்கம் போர்வெல்லில் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரெல்லாம் புகைந்துபோய் இவர் கடைக்கு வந்து சேரும். கோடையில் தலை நிமிர நேரம் இருக்காது. எந்த மோட்டார் எதனால் போச்சு என்று மணிக்கணக்காகப் பேசுவார். வீட்டில் இருக்கிறவள் எதனால் ஊதிப்போனாள் என்பது மட்டும் அந்த மனுஷனுக்குப் பிடிபடவில்லை. கொடுமை என்னவென்றால், அதற்கு வழி சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

ஒன்றரை வருசத்துக்கு முன்பு அவருடைய அம்மா சவரியம்மாளுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. முதலில் கிழமை மறந்தது, பிறகு பேரன் பெயர் மறந்தது. அதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு நாள் மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு, "சோத்துல வெசம் வச்சிருக்க. நீ முதல்ல தின்னு, பாப்போம்" என்றாள். அதைக் காதால் கேட்டதும் ஆனந்தமேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் புருஷனிடம் அழுதுகொண்டே சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே, "இதுக்குப் போயி அழுவாங்களா? நீ ரெண்டு வாய் தின்னு காட்டு, நம்பிட்டுப் போகுது" என்றார். சொன்னவர் சாப்பிட்டார், படுத்தார், அதோடு மறந்தும் போனார்.

ரெண்டு வாயோடு நிற்கிற காரியமா அது? இவள் ஒரு வாய் தின்றால்தான் கிழவி ஒரு வாய் தின்பாள். குழம்புக்குத் தனி, ரசத்துக்குத் தனி, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்குத் தனி. சிறுமலை வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தால் பாதியைக் கடித்துக் காட்ட வேண்டும். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, நடுவில் கஞ்சி, ரொட்டி என்று எது கொடுத்தாலும் இதே கதைதான். தொண்டைவரை நிறைந்த பிறகும் அந்தக் கண்கள் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்கிற நாளும் உண்டு.

யாரிடம் போய்ச் சொல்வது இதை? சொன்னால், "கெழவி சும்மாவா சொல்லும், இவ என்ன செஞ்சாளோ" என்றுதானே ஊர் கேட்கும். அதனால் தின்றாள். உடம்பு ஏறியது. ஏறிய உடம்போடு கிழவியைத் தூக்கிக் கக்கூஸுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துத் தூக்கிவந்ததில் முட்டி இரண்டும் போச்சு.

இந்த நிலைமையில்தான் குவைத்தில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் மரியசெல்வி லீவில் வந்து இறங்கினாள். ஆளே பாதியாகியிருந்தாள். முன்னெல்லாம் கறிக்குழம்பு என்றால் சட்டியை வழித்துத் தின்கிறவள், இப்போது இரண்டு ஸ்பூன் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

"ஊசி மதினி. வாரத்துக்கு ஒண்ணு, வயித்துல நாமளே போட்டுக்கலாம். பசியே எடுக்காது. சோத்தப் பாத்தாலே போதும்னு ஆயிரும். உங்களுக்கும் ஒரு பெட்டி கொண்டாந்துருக்கேன்."

பசியே எடுக்காது என்ற வார்த்தை மட்டும் ஆனந்தமேரிக்குள் இறங்கியது. பசி எடுத்து அவள் சாப்பிட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. அது செல்விக்கு எப்படித் தெரியும்? வந்த மறுநாள், அம்மாவும் மதினியும் ஒரே தட்டில் மாற்றி மாற்றிச் சாப்பிடுவதை வாசலில் நின்று பார்த்தவள், உருகிப்போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு துணிக்கடைக்குக் கிளம்பிவிட்டாள். 'மாமியாரும் மருமகளும் ஒரே தட்டுல. இப்படி ஒரு மருமக கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள். சொந்தபந்தம் மொத்தமும் கைகூப்பியது. அதற்குப் பிறகு செல்வி ஒரு மத்தியானம்கூட வீட்டில் தங்கவில்லை. நகைக்கடை, சித்தப்பா வீடு, கோயில் என்று சுற்றிக்கொண்டிருந்தாள்.

போகிற போக்கில் டாக்டரிடமும் கூட்டிப்போனாள். டாக்டரம்மா நல்ல மாதிரி. சுகர் எல்லையில் நிற்கிறது, முட்டி தேய ஆரம்பித்திருக்கிறது என்றார். "ரொம்ப வெயிட்டுன்னா போடுங்கன்னு சொல்லிருவேன். கம்மின்னா வேணாம்பேன். நீங்க நடுவுல இருக்கீங்க. சாப்பாட்டக் குறைச்சு, நடந்து பாக்கலாம். ஊசியும் போடலாம். முதல்ல கொஞ்ச நாள் குமட்டும், சிலருக்கு வாந்தி வரும். நிறுத்துனா எடை திரும்ப ஏறவும் செய்யும். யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க."

நீங்களே முடிவு பண்ணுங்க. கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவளிடம் இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவளோ கணக்குப் போட ஆரம்பித்தாள். சாப்பாட்டைக் குறைக்கவா? குறைத்தால் கிழவி பட்டினி. ஊசி போட்டுக் குமட்டினாலும் கிழவி பட்டினி. எதுவும் செய்யாமல் இருந்தால் முட்டி இன்னும் போகும், அப்புறம் கிழவியைத் தூக்குவது யார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தட்டுதான் முன்னால் வந்து நின்றது. "சாப்பாடு எப்படி?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "அவங்க வாய்க்கு ருசியா திங்கிற ஆளு, டாக்டர்" என்று செல்வியே பதில் சொல்லிவிட்டாள்.

பெட்டி பிரிஜ்ஜில் மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் "என்ன முடிவு பண்ணுன?" என்பார் ராயப்பராஜ், மின்சார பில்லைக் கட்டினாயா என்று கேட்கிற குரலில்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஊசி என்று நாளும் குறித்துவிட்டாள் செல்வி. அன்று காலைப் பூசைக்குப் போனார்கள். சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற எழுந்தேற்றத்துக்குக் கோயிலே முழங்காலில் நின்றபோது, ஆனந்தமேரி மட்டும் பின்னால் வயசாளிகளோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பிள்ளைக்காரிகள் விருட்டென்று மண்டியிட்டு எழுந்தார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடவுளுக்கு முன்னால் முழங்காலில் நிற்கக்கூட வழியில்லாமல் என்ன பிழைப்பு இது? போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தாள். கிழவிக்கு ஆண்டவர் ஒரு வழி காட்டட்டும். வீடு வரும் வரை மனசு லேசாக இருந்தது.

"போட்டுருவோம் செல்வி" என்றாள். செல்விக்கு வாயெல்லாம் பல்.

"இன்னைக்கு நீங்க ரெஸ்ட் எடுங்க மதினி. அம்மாவுக்கு நான் ஊட்டிட்டு வந்து போடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. பார்க்கட்டுமே என்று இருந்துவிட்டாள். அது தப்பா சரியா என்பது அவளுக்கே தெரியாது.

செல்வி சோற்றைப் பிசைந்து நீட்டினாள். சவரியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு? நீ முதல்ல தின்னு, பாப்போம்."

"ஏம்மா, நாந்தான் செல்வி" என்று சிரித்துக்கொண்டே ஒரு வாய் தின்றாள். கிழவி ஒரு வாய் தின்றாள். செல்வி அடுத்த வாய். கிழவி அடுத்த வாய். கறிக்குழம்புக்கு மாறினாள், மறுபடி முதலிலிருந்து. நாலாவது வாயில் செல்வியின் முகம் வெளுத்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

சவரியம்மாள் தட்டைத் தள்ளிவிட்டாள். "வெசம். நான் சொன்னேன்ல, வெசம்னு" என்றாள். நாற்காலியில் இருந்த ராயப்பராஜ், "அம்மா, அதெல்லாம் இல்லம்மா" என்று கிட்டே வந்தார். அவர் கையையும் தட்டிவிட்டாள்.

ஆனந்தமேரி புதுத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்து, முட்டி சடசடக்கத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்றாள். கிழவி அசையவில்லை. இன்னொன்று. இன்னொன்று. வாயைத் திறந்து காட்டினாள். தட்டில் பாதி காலியான பிறகுதான் கிழவியின் வாய் லேசாகத் திறந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த செல்வி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று அத்தனையையும் பார்த்தாள்.

"எம்புட்டு நாளா மதினி இப்படி?"

"ஒன்றரை வருசமா. உங்க அண்ணன்தான் ரெண்டு வாய் திங்கச் சொன்னாரு."

ராயப்பராஜ் போய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

செல்வி அழுதாள். நிஜமாகவே அழுதாள், அதைக் குறை சொல்ல முடியாது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பிரிஜ்ஜைத் திறந்து அந்தப் பெட்டியை வெளியே எடுத்தாள்.

"உங்களுக்கு இது வேணாம் மதினி. இதப் போட்டா உங்களால திங்க முடியாது, அம்மா செத்துப் போயிரும். நீங்க இப்படியே இருங்க. இப்ப என்ன, நல்லாத்தான இருக்கீங்க."

ஆனந்தமேரியின் கை தட்டிலேயே நின்றது. போடு என்றபோதும் அவளைக் கேட்கவில்லை, வேண்டாம் என்றபோதும் கேட்கவில்லை. நெஞ்சு எரிந்தது. அது குழம்பின் எரிச்சல் இல்லை.

"பெட்டிய எடுத்த எடத்துல வை, செல்வி" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கு முட்டி வலிக்குது. என்னால முழங்கால்ல நிக்க முடியல. ஏங்க, மத்தியானம் ஒரு நேரம் நீங்க வந்து உங்கம்மாகூட ஒக்காந்து தின்னுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"கடைய யாரு பாக்குறது?" என்றார் ராயப்பராஜ்.

"எனக்கு புதன்கிழமை ஃப்ளைட்டு மதினி" என்றாள் செல்வி. பெட்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

சவரியம்மாள் ஒரு விரலால் தட்டின் விளிம்பைத் தட்டினாள். "என்ன பேச்சு? தின்னு."

ஆனந்தமேரி தின்றாள்.