ஆதாரம் சார் ஸ்கேன் செய்கிறார்

என் அக்கா புருஷனை ஆபீசில் 'ஆதாரம் சார்' என்றுதான் சொல்வார்களாம். மரியாதைக்கு வைத்த பெயர் என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். லீவு கேட்டு வந்தவனிடம் காய்ச்சலுக்கு ஆதாரம் கேட்பார். தாத்தா செத்துப்போனார் என்று வந்தவனிடம் தாத்தா இருந்ததற்கே ஆதாரம் கேட்பார். பதிவறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே பதிவறையில் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றார். இத்தனை வருடத்தில் நகர்ந்தது அவருடைய நாற்காலி மட்டும்தான், ஜன்னல் பக்கத்திலிருந்து ஃபேனுக்கு அடியில்.

எனக்கு அவர் அத்தான். மச்சினி என்கிற உரிமையில் நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அதுவும் நான் வாத்தியாரம்மா வேறு. பிறத்தியார் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தே முப்பது வருடம் சோறு தின்றவள். அத்தானைப் போல ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சும்மா விடுவேனா?

வெளியூரில் இருக்கும் மகன் போன வருடம் அவருக்கு ஒரு ஸ்கேனர் வாங்கி அனுப்பினான். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பான். பாவம், பொழுது போனது அக்காவுக்குத்தான். அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு கிடையாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். மேஜை முழுக்கப் பழைய போட்டோ, ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, மஞ்சளாகிப்போன பேப்பர் துண்டுகள். நடுவில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு அத்தான். கையில் மெல்லிய துணி உறை. போட்டோவில் விரல் படக்கூடாதாம். அதே கையால்தான் பஜ்ஜியும் சாப்பிடுவார்.

அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். முதலில் 'ஓரம் சுத்தம்'. படத்தில் தேவையில்லாததைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்துவிடுவது. அத்தானுக்குத் தேவையில்லாதது என்றால் அத்தான் அல்லாதது. எங்கள் குடும்பமே வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட ஒரு படத்தில் இப்போது அவரும் அக்காவின் பாதியும் என்னுடைய முழங்கையும் மட்டும் இருக்கிறோம். "முழங்கையாவது வச்சிருக்கேனே" என்று பெருமை வேறு.

அடுத்தது முத்திரை. ஓய்வு பெற்ற மனிதர் தன் கைக்காசு போட்டு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 'மின்பதிவு முடிந்தது' என்று எழுதி, கீழே தேதி. ஸ்கேன் ஆன ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டு முதுகில் ஊதா மையில் ஓங்கி ஒன்று போடுவார். எங்கள் அம்மாவின் இளவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மை ஊறி முன்பக்கம் வந்துவிட்டது. அம்மாவுக்குத் தாடையில் ஊதா நிறத்தில் ஒரு மச்சம். "பின்பக்கம்தானே போட்டேன்" என்றார். பின்பக்கம் என்பது முத்திரை குத்துவதற்காகவே ஆண்டவன் படைத்தது என்பது அவர் கொள்கை.

இதெல்லாம் எதற்காக? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள், மருமகள், பேத்திகள் எல்லோரும் வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு டிவியில் 'நம் குடும்பம்' என்று போட்டுக் காட்டப் போகிறார். ஆளுக்கு ஒரு பக்கம். படம், பிறந்த தேதி, கல்வி, சாதனை. அத்தானுடைய பக்கம் மட்டும் ஏழு பக்கம்.

முந்தின நாள் சனிக்கிழமை காலையில் நான் போயிருந்தபோது அக்காவின் பக்கம் திரையில் இருந்தது. 'கல்வி: பள்ளி இறுதித் தேர்வு (தோல்வி)'.

இது ஒன்றும் புதிது இல்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் இரண்டாவது டம்ளர் டீக்குள் அத்தான் இதைச் சொல்லிவிடுவார். "ஃபெயிலான பொண்ணுன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன்." எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் பேச்சில் காற்றோடு போவது வேறு, பேத்திகள் கண் முன்னால் டிவியில் எழுத்தாக நிற்பது வேறு.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்னங்க, அந்தத் தோல்வியை எடுத்துடுங்க."

"எடுத்துட்டு என்ன போடறது? பதிவுன்னா உள்ளது உள்ளபடி இருக்கணும்."

"பாஸ்னு போடுங்க. நான் பாஸ்."

அத்தான் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "ஆதாரம்?"

எனக்கும் தர்மசங்கடமாக இருந்தது. ரிசல்ட் வந்த அன்றைக்குப் பேப்பரில் அக்காவின் நம்பர் வரவில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பேத்திகளிடம் மானம் போகக்கூடாது என்று அக்கா பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். சொன்னால் சொல்லட்டுமே, இந்த மனுஷன் எழுதினால் குறைந்தா போய்விடுவார் என்றும் நினைத்தேன்.

அக்கா உள்ளே போனாள். பீரோவின் அடித்தட்டில் புடவைகளுக்குக் கீழே கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேப்பர் துண்டு. மேஜையில் வைத்துவிட்டு, "இதை என் பக்கத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

திரையில் ஒரு பாலத் திறப்பு விழா. மேடையில் யாரோ கத்தரிக்கோல் பிடித்திருக்கிறார். பின்னால் மிளகு கொட்டிய மாதிரி தலைகள். அதில் ஒரு மிளகைச் சுற்றி அத்தான் வட்டம் போட்டிருந்தார். "எங்கப்பா! அந்தப் பாலத்துல ஓவர்சீயரா இருந்தாரே! கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனார் போட்டோவை வெட்டி வச்சிருக்கா பாரு உங்கக்கா. நாப்பத்தஞ்சு வருஷமா வாயைத் திறக்கல. இதுதான் அடக்கம்!"

அந்தத் துண்டு மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் 'மின்பதிவு முடிந்தது', ஈரம் காயாமல்.

அக்கா அதைக் கையில் எடுத்தாள். மறுபக்கம் முழுவதும் பொடி எழுத்தில் நம்பர்கள், வரிசை வரிசையாக. பரீட்சை முடிவு. ஒரு நம்பருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டது தெரிந்தது. கோடுதான் தெரிந்தது. நம்பர் இருந்த இடத்தில் ஊதா மை.

"இந்தப் பக்கங்க" என்றாள் அக்கா. "நான் குடுத்தது இந்தப் பக்கம்."

நான் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். "அத்தான், ஒரு பேப்பருக்கு ரெண்டு பக்கம் உண்டுன்னு உங்க ஆபீஸ்ல சொல்லித் தரலையா? கூட்டத்துல ஒரு புள்ளி தெரிஞ்சா அது உங்கப்பா! இத்தனை நம்பர் கண்ணுக்குத் தெரியல!"

"படம் இருக்கிற பக்கம்தான் முன்பக்கம்" என்றார். முகம் சிறுத்திருந்தாலும் கொள்கையை விடவில்லை. துண்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். "இப்ப நம்பர் படிக்க முடியலையே. படிக்க முடியாததை எப்படி ஆதாரமா எடுத்துக்கறது?"

"மூணு, ஒண்ணு, ஏழு, நாலு, பூஜ்யம், ஆறு" என்றாள் அக்கா. எங்கும் நிற்கவில்லை.

"வாயால சொன்னா ஆச்சா? சர்டிபிகேட் எங்க?"

"ஸ்கூல்ல போய் வாங்கணும். அந்த மாசமே கல்யாணம் வச்சுட்டாங்க. கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் இந்தப் பேப்பரே என் கையில கிடைச்சுது. அப்புறம் யாரு போனா? நான் வந்த முதல் வாரமே உங்ககிட்ட இதைக் காட்டினேன். பேப்பர்ல அச்சுப்பிழை வரும்னு சொல்லிட்டீங்க."

அத்தானுக்கு அது நினைவில் இல்லை. நினைவு இருக்காது. ஊரார் சான்றிதழையெல்லாம் பரணில் ஏறி, தூசியில் தும்மித் தேடிக் கொடுத்த மனிதர், பெண்டாட்டியின் சான்றிதழ் எங்கே என்று ஒரு நாள் விசாரித்தது கிடையாது. இப்போது அந்தப் பள்ளிக்கூடமே இல்லை. இதையும் நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். வாய் நன்றாகத்தான் ஓடியது எனக்கு.

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார். கோப்பில் ஓட்டை கண்டுபிடித்த குமாஸ்தாவின் குரல் வந்துவிட்டது. "சரி, நீ பாஸ்னே வச்சுக்குவோம். அப்ப ஃபெயில்னு உங்க வீட்டுல சொன்னது யாரு? எங்கப்பாகிட்ட உங்கப்பாவே சொன்னாரே, பொண்ணு ஃபெயிலாயிட்டா, இனிமே படிப்பு இல்லைன்னு. ரிசல்ட்டைப் பாத்தது யாரு?"

அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ பாத்தாங்க. ஒரு பக்கத்தோட விட்டுட்டாங்க."

அவள் கையிலிருந்த துண்டின் மறுபக்கத்துப் பாலத்தை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

தெருக்கோடி முடிவெட்டும் கடையில்தான் எங்கள் தெருவுக்கே பேப்பர் வரும். ரிசல்ட் வந்த அன்று அப்பாவுக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. அக்கா பயந்துபோய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்து என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு ஒன்பது வயது. பெஞ்சில் பேப்பரை விரித்து, ஒரு பாலப் படத்துக்குக் கீழே இருந்த நம்பர்களையெல்லாம் விரல் வைத்து இரண்டு தடவை பார்த்தேன். இல்லை. ஓடி வந்து வாசலில் நின்றே "இல்லை" என்று கத்தினேன். தாளைத் திருப்பவில்லை. பட்டியல் மறுபக்கத்தில் தொடரும் என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா ஆசிரியப் பயிற்சிக்கு நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை அம்மா மடித்து உள்ளே வைத்தாள்.

"நான்தான் பாத்தேன், அத்தான்" என்றேன்.

அவருக்கு நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது! "அப்ப நேரடி சாட்சி நீ! எழுதிக் குடு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடு. உடனே மாத்திடறேன்." வெள்ளைத்தாளும் பேனாவும் என் முன்னால் வந்துவிட்டன. பெண்டாட்டி நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்து சொன்னது செல்லாது. மச்சினி ஒரு தாளில் எழுதினால் செல்லும். இந்த மனுஷனை என்ன செய்வது?

ஆனால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எழுதினேன். நம்பரைத் தேடிப் போனது நான். ஒரு பக்கம் மட்டும் பார்த்தேன். என் அக்கா அந்தப் பரீட்சையில் தேறியவள்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அக்கா, எனக்கு அப்ப ஒன்பது வயசுக்கா" என்றேன். விடுடி என்று சொல்வாள், தலையில் கை வைப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும். அதனாலதான் உன்னை ஒரு வார்த்தை கேட்கல."

"கோவம் இல்லையே உனக்கு?"

"ஏன் இல்லாம? இருந்துச்சு. நீ டீச்சர் வேலையில சேர்ந்துட்டு வந்து ஆர்டரைக் காட்டினியே, அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல." மேஜையிலிருந்த தாளை என் பக்கம் நகர்த்தினாள். "இப்பவும் இருக்கு. அதையும் எழுது."

அந்த ஒரு வரியை எழுத எனக்கு நெடுநேரம் ஆயிற்று. எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.