குளிர் வராத மார்கழி

அவர் எங்கள் பகுதியின் விவசாயப் போதனாசிரியை. ஒல்லியான பெண். ஸ்கூட்டரில் அலைந்து முகம் கறுத்திருக்கும், கையுறைக்குள் இருந்த கைகள் மட்டும் வெளுத்திருக்கும். எந்தத் தோட்டத்துக்கு வந்தாலும் முதலில் குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டுச் சூடு பார்ப்பார்.

உருளைக்கிழங்குக்கு இரவுக் குளிர் வேண்டும். இந்த மார்கழி குளிரவில்லை. உடுவில் ஊரில் என் தோட்டத்துக் கிழங்கெல்லாம் பாக்கு அளவிலேயே நின்றுவிட்டது. அவர் வரப்பில் வந்து நின்றார்.

"ஐயா, இந்த முறையும் குளிரும், நம்பிக் கிழங்கு வையுங்கோ எண்டு கூட்டத்திலை சொன்னது நான்தான். பிழைச்சுப் போச்சு."

"போன வருசம் குளிர்ந்ததே, பிள்ளை. அதுக்கிடையிலை சூரியன் கிட்ட வந்திட்டுதோ?"

"சூரியன் அங்கைதான் நிக்குது, ஐயா. தூரத்துப் பெருங்கடல் ஒரு வருசம் சூடேறும், ஒரு வருசம் ஆறும். அதோடை இஞ்சை வீசுற காத்தும் மாறும். இந்த முறை வாடைக்காத்து வரேல்லை. மேகம் மூடி நிண்டு, பகல் சூட்டை இரவிலை போகவிடேல்லை. எனக்கு அது முன்னமே பிடிபடேல்லை."

அவர் குனிந்து ஒரு சிறு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்தார்.

நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்லை. வழக்கம்போல் நட்டேன், அவ்வளவுதான். ஆனால் இந்த முறை கிழங்கு வேண்டாம் என்று சொன்ன என் மனைவி பக்கத்தில் நின்றாள். அதனால் அதை வெளியில் சொல்லவில்லை.

"பரவாயில்லை, பிள்ளை" என்று அவரை மன்னித்தும் விட்டேன்.