மூன்று தடவை திரும்பி வந்த மேல்முறையீடு

கத்தரி அக்கா வாயைத் திறந்தால் நீதிமன்றக் கூரையே பெயர்ந்து விழும். சரி, கொஞ்சம் மிகைதான். விழுந்தது ஒரு குமாஸ்தாவின் பேனா மட்டும்.

பதினாறு வருடமாக ஒரே அறையில் சட்டை தைத்தவள் அவள். அந்த அறையைக் காலி செய்யச் சொல்லிக் கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போடாவிட்டால் தையல் மெஷினோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இத்தனை சின்ன வழக்கா என்று இரண்டு வக்கீல்கள் கையை விரித்துவிட்டார்கள். “நாக்கு எனக்கும்தானே இருக்கு” என்று அக்கா தானே உட்கார்ந்து மனுவை எழுதினாள். துணைக்கு நாத்தனார், கையில் தண்ணீர் பாட்டிலும் வாயில் கிண்டலுமாக.

முதல் தடவை குமாஸ்தா மனுவைத் தள்ளினார். “ஓரத்துல இடம் விடல.” முழுவதையும் திரும்ப எழுதிக்கொண்டு போனாள். “தீர்ப்பு நகல்ல முத்திரை இல்ல.”

“அண்ணி, இவருக்கு உங்களை அடிக்கடி பாக்கணும்னு ஆசை போல” என்றாள் நாத்தனார்.

முத்திரைக்காக நான்கு நாள் அலைந்து, இருபத்தெட்டாம் நாள் மறுபடி போய் நின்றாள். “நாலு செட் வேணும்மா. ஒண்ணுதான் இருக்கு.”

பக்கத்து கவுன்ட்டரில் வக்கீல்களின் கட்டுகள் மளமளவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தன. என்னென்ன கேட்பார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அக்கா பைக்குள் கைவிட்டு அளவு நோட்டை எடுத்தாள். “சார், நீங்க சட்டை தைக்கக் குடுக்கறீங்க. இன்னைக்குத் தோளை மட்டும் அளந்துட்டு, கழுத்துக்கு அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னா என்னை சும்மா விடுவீங்களா?”

“அதுக்கென்னம்மா இப்போ?”

“மொத்த அளவையும் ஒரே மூச்சுல சொல்லுங்க, எழுதிக்கறேன். கீழே நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்புறம் ஏதாவது குறைஞ்சா அது நீங்க வெட்டின வெட்டு, நான் வெட்டினது இல்ல!”

கடைசி வார்த்தையில்தான் பேனா விழுந்தது. வரிசையில் அக்காவுக்குப் பின்னால், வக்கீல் இல்லாமல் வந்திருந்த பெரியவர் ஒருவர், “அதே அளவு எனக்கும் சார்!” என்று குரல் கொடுத்தார். வரிசையே சிரித்தது. குமாஸ்தாவும் பேனாவைக் குனிந்து எடுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மொத்தம் ஒன்பது.

முப்பதாம் நாள் காலை கவுன்ட்டர் திறக்கும்போதே அக்கா முன்னால் நின்றாள். ஒன்பதையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்த குமாஸ்தா, பத்தாவதாக ஒன்றைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. டொக்கென்று முத்திரை விழுந்தது. அக்காவின் பட்டியலை ஆளாளுக்கு வாங்கி எழுதிக்கொள்வதைப் பார்த்து, அவரே ஒரு நகலெடுத்துக் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

கடைக்குத் திரும்பியதும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். “ஜெயிச்சுட்டேன்! இனி இந்த அறையை யாராலயும் அசைக்க முடியாது” என்று அக்கா மெஷினைத் தட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அண்ணி, இன்னும் ஜெயிக்கல. நம்ம பேச்சைக் கேக்கறதுக்கு ஒத்துக்கிட்டிருக்காங்க. விசாரணை பதினெட்டாம் தேதி, காலைல பத்து மணிக்கு.”