ஓடுகிற வேனுக்குள் ஊர்ச் சத்தம்

ஓடுகிற வாகனத்துக்குள் வீடியோ எடுப்பவனுக்குப் படம் பிடிப்பது லேசு, சத்தம் பிடிப்பதுதான் சீவன் போகிற வேலை. இதே தொழிலில் மாட்டியிருப்பவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள். சண்டை முடிந்து, றோட்டுச் சோதனையெல்லாம் கொஞ்சம் இளகிய நேரம். எனக்குப் பதினேழு வயது. கல்முனையில் ஒரு வீடியோக் கடைக்கு நான்தான் ஒலிப்பதிவாளன். கத்தாரில் இருக்கிற நம்மூர் ஆட்கள் வெள்ளிக்கிழமை லீவில் பார்ப்பதற்காக, வேனின் முன்கண்ணாடி வழியே ஊரைப் படம் எடுத்து சீடியில் அனுப்புவோம். வேன் ஓட்டுவது நசீர் காக்கா, அதாவது நசீர் அண்ணன்.

காலுறை

கமராவோடு வருகிற மைக்கில் எஞ்சின்தான் கதைக்கும். பசாரில் மலிவாக ஒரு சட்டை மைக் வாங்கினோம், அதில் காற்று கதைத்தது. கண்ணாடிக்கு மேலே கட்டினால் குழிக்குக் குழி டொக், டொக். கடைசியில் மைக்கைக் காலுறைக்குள் போட்டு, கிழிந்த மெத்தைப் பஞ்சில் புதைத்து, சீற்றின் முதுகில் கட்டினேன். மாவடிப்பள்ளி வயல் றோட்டில் ஓடிப் பார்த்தால் இரைச்சல் பாதிக்குப் பாதி இல்லை. காலுறை நசீர் காக்காவுடையது, கழுவ நேரம் கிடைக்கவில்லை. மனிசன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "நல்ல காலம்டா, சீடியில மணம் பதியாது."

கண்ணாடி

மிச்சக் காற்றையும் மறிக்க, ஏசி இல்லாத வேனில் உச்சி வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். காக்கா வியர்வையில் குளித்தபடி அக்கரைப்பற்று வரை ஓட்டினார். காற்று வெளியே நின்றது. கூடவே ஊரும் வெளியே நின்றுவிட்டது. கடைத்தெரு முழுக்க வாய்கள் அசைகின்றன, ஒரு சத்தம் இல்லை. சீடி வாங்கியவர் தோஹாவிலிருந்து டெலிபோன் கோல் எடுத்தார்: "தம்பி, ஒருத்தருக்கும் குரல் வருகுதில்லயே. சண்டை முடிஞ்சிட்டெண்டு ஊருக்கு இன்னும் சொல்லல்லயா?"

மீன்காரர்

ஊருக்குக் குரல் இல்லையென்றால் நான் கொடுக்கிறேன் என்று இறங்கினேன். எனக்கு வராத குரல் இல்லை. பஸ் கொண்டக்டர், கணக்கு வாத்தியார், கோழி, நசீர் காக்காவின் இருமல் எல்லாம் மாமி வீட்டுப் போர்வைக்குள் இருந்து பதிந்து, படத்தோடு ஒட்டினேன். சீடிகள் பறந்தன. சாய்ந்தமருது வளைவில் அபூபக்கர் காக்கா மீன் கூவுகிற குரலைப் போட்டேன். சின்ன வயதில் அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் ஓடி ஓடிப் பிடித்த குரல். அவர் கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கே, சுனாமியோடு போய்விட்டார். என்னிடம் இருந்ததிலேயே திறமான குரல் அது, அதைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை. அவரோடு ஒரே தோணியில் தொழிலுக்குப் போன கூட்டாளி ஒருவர் தோஹாவில் அதைக் கேட்டுவிட்டு, அழுதுகொண்டு கோல் எடுத்தார்: "அபூபக்கர் உசிரோட இருக்கான் எண்டு ஏன் தம்பி ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல?"

நம்மட வளவு

அந்த மனிசனுக்கு உண்மையைச் சொன்ன பிறகு கள்ளக் குரல் போடுவதை விட்டேன். ஆனால் ஒரு சீடி பாக்கி இருந்தது. அது என் வாப்பாவுக்கு. கடல் உம்மாவையும் வீட்டையும் கொண்டுபோன கையோடு கத்தாருக்குப் போனவர், நாலரை வருசமாக வரவில்லை. நான் மாமி வீட்டில். அவர் கோல் எடுத்தால் பகிடிக்கு ஊரில் உள்ள எல்லாருடைய குரலிலும் கதைப்பேன். அவர் சிரித்து முடிய டெலிபோன் கார்ட்டில் காசும் முடிந்துவிடும். இடையில் என் குரல் உடைந்தது அவருக்குத் தெரியாது.

வீடு இருந்த வளவைக் கண்டாலாவது வருவார் என்று நினைத்தேன். உம்மாவின் குரலும் எனக்கு வரும். வாப்பாவைச் சோத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒருதரம் பதிந்தேன். அச்சொட்டாக உம்மா மாதிரியே இருந்தது. அழித்துவிட்டேன்.

மறுநாள் வளவுக்கு முன்னால் வேனை நிறுத்தி, எஞ்சினை நிப்பாட்டி, கண்ணாடியை இறக்கி மைக்கை வெளியே நீட்டினேன். கடல் இரைந்தது, கிணற்றுக்கட்டில் ஒரு காகம் கத்தியது. நம்மட வளவு வாப்பா, எப்ப வாறீங்க என்று என் சொந்தக் குரலில் கேட்டேன். இரண்டு கிழமை கழித்து, சீடியைப் பார்த்துவிட்டு வாப்பா கோல் எடுத்தார்: "சத்தம் நல்ல துப்பரவா இருக்கு மகன். எப்ப வாறீங்க எண்டு கேக்கிற அந்தப் பொடியன் ஆரு?"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: ஒலி எத்தனை துப்பரவாக வந்தாலும், கதைக்கிறவன் முதலில் தன் பேரைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.