டைனோசர் கட்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்தத் தேர்தலையும் விடச் சூடாக நடந்தது, டைனோசரா உளவாளியா என்ற போட்டிதான். டைனோசர் கட்சிக்கு நான் தலைவி, உளவாளி கட்சிக்கு அண்ணன்.

மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் ஹட்டனிலிருந்து டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரும். அந்த வருடம் படக் கெசட் கடைக்காரர், ஒரு வரிசைப் படங்களைத்தான் மொத்தமாகத் தருவேன் என்று சொல்லிவிட்டார். டைனோசர் என்றால் எல்லா டைனோசரும், உளவாளி என்றால் எல்லா உளவாளியும். டைனோசரின் முதல் இரண்டு பாகங்களை லிந்துலையில் சித்தி வீட்டில் பார்த்திருந்தேன். மூன்றாவதும் வந்துவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் டீவி இல்லை. இந்தத் திருவிழாவை விட்டால் எனக்கு மூன்றாம் பாகமே கிடையாது.

"ஒன் பல்லிக்கு மூணே பாகம்," என்றான் அண்ணன். "எங்க ஆளு அப்பா சின்னப் புள்ளையா இருந்தப்பவே வந்துட்டாரு. உலகம் பூரா ஓடுது."

"ஆளுதான் மாறிக்கிட்டே இருக்காங்களே. கெழவனாயிட்டா வேற ஆளப் போட்டுர்றாங்க. டைனோசர அப்படி மாத்த முடியுமா?"

"பாகத்த எண்ணிப் பாரு புள்ள."

"மழைக் கொழுந்தும்தான் கூடைய நெறைக்கும். மடுவத்துல நிறுக்கறப்ப தண்ணிக்குக் கழிச்சிட்டா என்னா மிஞ்சும்?"

அண்ணனின் கூட்டாளிகளே சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சுருங்கியது. "நான் அடுத்த கிழமை கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போயிருவேன். அப்பறம் வருசம் பூரா ஒன் பல்லியவே பாத்துக்கிட்டுக் கெட." எதிரி தளர்ந்துவிட்டான் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன்.

அன்றே பீலியடியில், தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் பிரசாரம் தொடங்கினேன்.

"அதுல தமிழ் பேசுவாங்களா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அத்தை.

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். "உளவாளி படத்துல பூரா இங்கிலீசு, அத்தை. ஒண்ணும் வெளங்காது. டைனோசரு பேசாது. கத்தும், தொரத்தும், ஆளுங்க ஓடுவாங்க."

"எம்மாம் பெருசு?"

"நம்ம தேயிலை ஸ்டோரு ஒசரம்."

அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தத் தேயிலைத் தொழிற்சாலை இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது.

எங்கள் தோட்டத்துச் சங்கக் கூட்டங்களில் கை தூக்கச் சொல்ல மாட்டார்கள். ஒரே ஆள் இரண்டு பக்கமும் தூக்கிவிடுவார் என்று, ஆளையே நகர்த்தி நிறுத்தித்தான் முடிவு செய்வார்கள். படத்துக்கும் அதே முறை. வெள்ளிக்கிழமை மாலை, கொழுந்து நிறுத்து முடிந்ததும் சங்கத் தலைவர் மடுவக் கொட்டகையில் வந்து நின்றார். தராசுக்கு இந்தப் பக்கம் டைனோசர், அந்தப் பக்கம் உளவாளி.

பெண்கள் கூடையோடு திமுதிமுவென்று என் பக்கம் வந்தார்கள். அம்மாவும் வந்தார். எதிரே அண்ணனோடு நின்ற இளவட்டங்களை அக்காமாரும் மதினிமாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்ய, ஒவ்வொருவராக அசடு வழிந்தபடி தராசைத் தாண்டினார்கள். நான் குதித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றான்.

அப்போது அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

"அம்மா, அங்கிட்டு இல்ல, இங்கிட்டு," என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னாக்கா, அந்தத் துப்பாக்கிக்காரன ஒங்களுக்குப் புடிச்சிருச்சா?" என்றார் தலைவர்.

"ஆமா தம்பி. நல்லா ஓடுறான்."

மடுவமே சிரித்தது. உளவாளி ஓடியதை அம்மா எங்கே பார்த்தார் என்று எனக்கு ஒரே கோபம். தலைவியின் தாயே கட்சி மாறுவதா? திருவிழாவுக்கு மறுநாள், ஞாயிறு இரவு, திரையில் மூன்றாம் பாகம் ஓடியபோது தொண்டை கட்டும்வரை கூச்சல் போட்டேன்; ஆனால் அம்மா மடியில் போய் உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலை அண்ணன் பையோடு பஸ் ஏறினான். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்து, அந்த உளவாளி படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.