மாட்டு முதுகில் ஒரு மாமனார்

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்தது நான்கு பிள்ளைகள், பதினோரு மாடுகள். இதில் சொன்ன பேச்சைக் கேட்டது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்... பிள்ளைகளும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

இப்போது மிஞ்சியிருப்பது ஒரே மாடு. பெயர் சரசு. எட்டு மாதச் சினை. பாரிவாக்கத்தில் எங்களைச் சுற்றி ஃப்ளாட்டாக எழும்பிவிட்டது. ஆனாலும் சரசு தன் கொட்டகையில் மகாராணி மாதிரிதான் நிற்கிறாள்.

போன வாரம் சரசு சரியாகத் தீனி எடுக்கவில்லை. வாலைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். முதுகில் எந்நேரமும் ஒரு காக்கை. நான் என்ன நினைத்தேன்? உண்ணி பொறுக்குகிறது என்று! தினமும் கொட்டகைக் கூரையில் சோறு வைக்கிறேனே, அந்த நன்றிக்கு வேலை செய்கிறதாம். எனக்குப் பெருமை வேறு.

பேத்தி திவ்யா காலேஜ் படிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். அன்று காலை செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். கடலில் ஒரு திமிங்கலம். அதன் முதுகில் வெள்ளையாய் ஒரு பறவை.

"இதுவும் உண்ணி பொறுக்குது பாரு" என்றேன்.

"ஐய, ஆயா! அது தோலைப் பிச்சித் துன்னுது. மூச்சு உடறதுக்குத் திமிங்கலம் மேல வந்தாப் போதும், முதுகுல வந்து குந்திக்கும். குட்டியைக்கூட உடாது."

"அது பேரு இன்னா?"

"கடல் காக்கா."

காக்காயா? எனக்குச் சுருக்கென்றது. காபியை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். காக்கையை விரட்டிவிட்டுப் பார்த்தால்... முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். தகரத்தில் உரசின சின்னக் கீறலாக இருந்திருக்கும். கொத்திக் கொத்தியே பெரிதாக்கியிருக்கிறது. வயசான கண் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால், நான் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?

மாட்டு டாக்டர் வந்து மருந்து தடவினார். "சினை மாடும்மா. புண்ணுல புழு வச்சா, தாய்க்கும் ஆபத்து, கன்னுக்கும் ஆபத்து. இனிமே ஒரு கொத்துகூடப் படக் கூடாது" என்றார்.

கழியோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்தேன். அன்று பார்த்து அமாவாசை!

பக்கத்து ஃப்ளாட்டில் முதல் மாடி மாலதி. திருநெல்வேலிப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பால்கனிச் சுவரில் இலை போட்டு, "கா... கா..." என்று தொண்டை வற்றக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காக்கை எப்படிப் போகும்? அது இங்கே சரசுவையே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கழியை ஓங்கினேன்.

"விரட்டிராதீங்க ஆச்சி!" மாலதி கீழே ஓடி வந்துவிட்டாள். "எங்க மாமனாருக்குப் படைச்சிருக்கேன். காக்கா வாய் வைக்காம வீட்டுல யாரும் சாப்பிட முடியாது. எனக்கு மீட்டிங் வேற இருக்கு!"

"உன் மாமனாரு இன்னாம்மா, சோத்தை உட்டுட்டு என் மாட்டைத் துன்றாரு?"

அவள் புண்ணைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "அது அவுக இல்ல ஆச்சி. அவுக சுத்த சைவம். முட்டைகூடத் தொட மாட்டாக!"

"அப்ப ஒண்ணு போடட்டா?"

யோசித்தாள். "வேண்டாம் ஆச்சி... எதுக்கும் ஒரு சந்தேகம் இருக்குல்லா?"

சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினவள், மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டியோடு திரும்பி வந்தாள். இரண்டு பேருமாக அதைச் சரசுவின் முதுகில் விரித்து, வயிற்றை அழுத்தாமல் கயிறு கட்டினோம். காக்கை இரண்டு சுற்றுச் சுற்றியது. வேட்டியைப் பார்த்தது. நேராகப் போய்ப் பால்கனி இலையில் வாய் வைத்தது.

"பாத்தீங்களா ஆச்சி! வேட்டிய அடையாளம் தெரிஞ்சிட்டு!"

"ஆமாம்மா, அவருதான்" என்றேன். அவளுக்கு மீட்டிங் இருக்கிறதே!

யோசித்துப் பார்த்தால் காக்கையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? கொட்டகை மேலேயே சோறு வைத்துக் கூப்பிட்டது நான்தானே? அந்தத் திமிங்கலம் வருகிற கடற்கரையிலும் இதே கதைதானாம். மனிதர்கள் கொட்டுகிற மீன் கழிவைத் தின்று தின்று அந்தப் பறவைகள் பெருகிவிட்டன என்கிறாள் திவ்யா. விருந்து வைப்பது ஒருவர், கொத்து வாங்குவது இன்னொருவரா?

இப்போது என் சோறும் மாலதி இருக்கிற ஃப்ளாட்டின் மொட்டை மாடிக்குப் போகிறது. புண் காய்ந்து வருகிறது. சரசு தீனி எடுக்கிறாள். வயிற்றில் கை வைத்தால் கன்று உதைக்கிறது. ஆனால், நடுக்கடலில் குட்டியோடு நிற்கிறாளே அந்தத் தாய்... அவளுக்கு எத்தனை முழம் வேண்டும்? யார் போய்க் கட்டுவது?

திவ்யா, எழுதினதை ஒரு தபா படிச்சிக் காட்டு... மெதுவாப் படி, மாலதி ஊட்டு ஜன்னல் தொறந்துகீது!