இலங்கை மலையில் கடைசி சைக்கிள்

சைக்கிள் சுற்றுலாவில் முன்னால் போகிறவருக்கு மலை தெரியும், கடைசியில் போகிற எனக்குக் கஸ்டமரின் முதுகுதான் தெரியும். கடையிலோ கம்பெனியிலோ நாள் முழுக்கச் சிரித்த மூஞ்சியோடு நிற்கிறவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் படித்தால் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

கோயமுத்தூர் பக்கம் போத்தனூரில் மல்லிகாக்கா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வருஷத்தில் இரண்டு தடவை எட்டுப் பத்துப் பேரை இலங்கைக்குக் கூட்டிப்போவோம். கண்டியில் சைக்கிள் ஏறினால் நுவரெலியா, அப்புத்தளை, எல்ல வரைக்கும் ஏற்றமும் இறக்கமும், கடைசியாக அங்கிருந்து வெல்லவாய வரைக்கும் ஒரே இறக்கம். சமதரை என்பது லாட்ஜ் கட்டிலில் மட்டும்தான்.

நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். யாரும் விடச் சொல்லவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை. கருமத்தம்பட்டியிலிருந்து தினமும் கடைக்கு சைக்கிளிலேயே வந்துபோனதைப் பார்த்து அக்கா என்னைக் கடைசி ஆளாகப் போட்டார். கடைசி ஆள் எந்தக் கஸ்டமரையும் முந்தக் கூடாது. அவர் நின்றால் நிற்க வேண்டும், பஞ்சர் ஆனால் ஒட்ட வேண்டும், காலையில் எல்லா சைக்கிளின் பிரேக்கையும் பார்க்க வேண்டும். எனக்குப் பின்னால் வேன் மட்டும் வரும்.

இந்தத் தடவை கிளம்பும்போதே எச்சரிக்கை. போன ட்ரிப்பில் ஒருத்தரிடம், "உங்களுக்கு எதுக்குங்க சைக்கிள், ஈஸி சேர் பத்தாதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். ங்க போட்டுத்தான் கேட்டேன். இருந்தும் புகார் போய்விட்டது. இன்னொரு புகார் வந்தால் அடுத்த ட்ரிப் எனக்கில்லை என்றார் அக்கா. ட்ரிப் இல்லையென்றால் அப்பாவின் தறிக்குடோன். அங்கே எனக்கு ஒரு ஸ்டூல் கூடப் போட்டு வைத்துவிட்டார்கள். அதனால் நாக்கைக் கடித்துக்கொண்டு மலை ஏறினேன்.

மருதமலை வீரர்

எங்கள் ஊர்க்காரர்கள் இலங்கைக்குப் பயிற்சி எடுப்பது மருதமலை ரோட்டில். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை ஏறுவார்கள், மேலே நின்று செல்ஃபி எடுப்பார்கள், இறங்கி வந்து ஆளுக்கு நாலு இட்லியும் ஒரு நெய் ரோஸ்ட்டும் சாப்பிடுவார்கள். ஏறியதைவிட அதிகமாக உள்ளே போய்விடும். அதற்குப் பெயர் பயிற்சி.

கண்டியிலிருந்து நுவரெலியா போகிற வழியில் வரும் ரம்பொடை ஏற்றம் அப்படி இல்லை. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் இதோடு முடிந்தது என்று ஆசை காட்டும், திரும்பினால் அடுத்த ஏற்றம் நிற்கும். எனக்கு முன்னால் போனவர் ஜவுளிக்கடை முதலாளி. மருதமலைக்கு நூறு தடவை ஏறினவன் என்று ஏர்போர்ட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர். பத்தாவது வளைவில் பேச்சு நின்றது. இருபதாவது வளைவில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாயே திறக்கவில்லை, சத்தியமாக. அவர்தான் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இந்த மலைக்கு உச்சின்னு ஒண்ணு வெக்கவே இல்லீங்களா?"

குக்கர்

மறுநாள் வெலிமடைக்குப் போகிற வழியில் முன்னால் போனவர்கள் எல்லாரும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள். ஒரு தம்பதி மட்டும் நின்றுவிட்டது. கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறவர்கள். பஞ்சரா என்று ஓடினேன். இல்லை, பசி. வேனை நிறுத்தச் சொல்லி, பையைத் திறந்து, குக்கரை எடுத்தார்கள். ஆமாம், குக்கர். கூடவே சின்ன கேஸ் அடுப்பு, அரிசி, பருப்பு, கறிவேப்பிலை. சைக்கிள் எடையில் நாலு கிராம் குறைக்க சீட்டையே மாற்றினவர்கள் வேனில் ஒரு சமையல்கட்டே ஏற்றியிருந்தார்கள்.

பக்கத்திலேயே டீக்கடை. கடைக்கார அம்மா தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆள். சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்துக்கொண்டு, "மலை ஏற வந்தீங்களா, குடித்தனம் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டே விட்டார். நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. மூன்று ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வந்தால் அப்புத்தளை ஏற்றம் நாறிவிடும், கிளம்பலாம் என்று முடிந்த வரை மரியாதையாகச் சொன்னேன். வாழைத்தோட்டக்காரர் வானத்தைப் பார்க்கவில்லை, குக்கரைத்தான் பார்த்தார். "மூணு விசில் வரட்டும் கண்ணு, மலை எங்க போயிரப்போகுது?"

என் கால், அவர் பேர்

அப்புத்தளை ஏற்றத்தில் மழை வந்தது. சொன்னேனே. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற ஒரு அண்ணன் நேராக வேனில் ஏறிவிட்டார். அதில் தப்பில்லை, முடியாதவர் ஏறத்தான் வேன். ஆனால் ஏறும் முன்னால் அவர் போனை என் சட்டைப் பையில் திணித்து, "சித்த வெச்சுக்கங்க கண்ணு, வேன்ல சிக்னல் வராது" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. நனைந்துகொண்டே மேலே வரைக்கும் மிதித்தேன்.

சாயங்காலம் லாட்ஜில் ஒரே கைதட்டல். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போனில் வைத்திருக்கும் ஆப் எத்தனை தூரம், எத்தனை உயரம் என்று கணக்கு வைத்து ஊருக்கெல்லாம் காட்டும். அதில் அண்ணன் அப்புத்தளையை ஒரே மூச்சில், கொட்டுகிற மழையில் ஏறியிருக்கிறார். கோயமுத்தூரிலிருந்து வாழ்த்து வந்து குவிகிறது. நான் அவரையே பார்த்தேன். கொஞ்சமாவது கூச்சப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முட்டியைத் தடவிக்கொண்டு எல்லாரிடமும் சொன்னார்: "என்ற காலுக்குள்ள இத்தனை தெம்பு இருக்குதுன்னு எனக்கே தெரியாம இருந்துபோட்டனுங்க!"

இருபது ஓட்டை

இதுவரை பொறுத்தேன். எல்லவில் முடியவில்லை.

அங்கிருந்து வெல்லவாயவுக்கு இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் பஸ். மிதிக்கவே வேண்டாம், பிரேக் பிடிக்கத் தெரிந்தால் போதும். காலையில் எல்லா சைக்கிளையும் பார்த்துக்கொண்டு வந்தவள், பம்பு பட்டறை முதலாளியின் சைக்கிளில் நின்றேன். முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிஸ்கைத்தான் பிரேக் கவ்விப் பிடிக்கும். அந்தத் தகட்டில் கம்பெனி போட்ட ஓட்டை போக, புதுசாக இருபது ஓட்டை இருந்தது. எடை குறைக்கவாம். சொந்தப் பட்டறையில், சொந்த டிரில்லிங் மெஷினில், அவரே போட்டது. ஓர் ஓட்டையிலிருந்து விளிம்பு வரைக்கும் மயிர் மாதிரி ஒரு விரிசல்.

எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. கடையில் வாங்கிய எதையும் அப்படியே விட மாட்டார்கள். லேத் வைத்திருக்கிறவர் கடைவார், டிரில் வைத்திருக்கிறவர் துளைப்பார்.

"இதுல இறங்கக் கூடாதுங்க. வேன்ல வாங்க" என்றேன்.

"முப்பது வருஷமா இரும்புலயே பொழைக்கறவன் கண்ணு நானு. நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே?"

"பதினொண்ணு. அந்த விரிசல் தெரியறதுக்கு ஒண்ணாவதே போதும்."

ங்க விட்டுப்போய்விட்டது. அவர் உடனே அக்காவுக்குப் போன் போட்டார். என்னிடம் நீட்டினார், வாங்கிக் காதில் வைத்தேன். "அனுசரிச்சுப் போ கண்ணு, பெரிய கஸ்டமர்" என்றார் அக்கா. அங்கே போத்தனூரில் உட்கார்ந்திருந்தால் விரிசல் தெரியாது. தறிக்குடோனும் அந்த ஸ்டூலும் ஞாபகம் வந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தேன். முன் சக்கரத்தைக் கழற்றினேன், வேனில் ஏறினேன், அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஆள் வேனில் உட்கார்ந்து இறங்கியது அன்றைக்குத்தான். பம்புக்காரர் என் பக்கத்து சீட்டில், மலை முடிகிற வரைக்கும், யார் யாருக்கோ போன் போட்டு என் வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

வெல்லவாயவில் அவரே என்னை ஒரு சைக்கிள் கடைக்கு இழுத்துப்போனார், என் மூஞ்சியில் கரி பூச. தமிழ் தெரிந்த மெக்கானிக். டிஸ்கைக் கழற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கி, குறடால் லேசாக வளைத்தார். பட்டென்று ஒரு துண்டு கையோடு வந்தது. மெக்கானிக் அந்தத் துண்டைப் பார்த்தார், வந்த மலையைப் பார்த்தார், பம்புக்காரரின் தலையைப் பார்த்தார். பம்புக்காரர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டையெல்லாம் சுத்தமா விழுந்திருக்குதுங்க. இந்த ஊரு எறக்கந்தான் ரொம்ப எச்சாப் போச்சு."

புகார்

புகாரைப் பம்புக்காரர் திரும்ப வாங்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. நாங்கள் ஊர் வந்து சேரும் முன்னாலேயே அக்காவின் போனுக்கு நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. கடையில் என்னை நிற்க வைத்து அதை முழுசாகப் போட்டுக் காட்டினார். மரியாதை இல்லை, படிப்பு இல்லை, பொம்பளைப் புள்ளைக்கு இத்தனை வாய் ஆகாது. எல்லாம் சரி. பிரேக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

நான் சமாதானம் சொல்லவில்லை. வெல்லவாய கடையில் அவர் விட்டுவிட்டுப் போக நான் எடுத்து வைத்திருந்த உடைந்த துண்டை டேபிள் மேல் வைத்தேன். அக்காவும் சைக்கிள்காரிதான், எடுத்ததும் புரிந்துவிட்டது. விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். அடுத்த ட்ரிப் பெயர் எழுதுகிற நோட்டை இழுத்து, கடைசி ஆள் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்: "உன்னை வெச்சிருந்தா எனக்குத் தலைவலி. அனுப்பிட்டா இவங்க ஊட்டுக்காரம்மாகிட்டயெல்லாம் துக்கம் சொல்ல நானில்ல போயி நிக்கோணும்!"

எங்கள் ஊர்க்காரர்களை மலை ஏற்றிவிட அவர்களுடைய பெருமையே போதும், முழுசாகக் கீழே இறக்கத்தான் என்னை மாதிரி மரியாதை தெரியாதவள் ஒருத்தி வேண்டியிருக்கிறது.